எத்தனை துப்பு?

எங்கள் ஊர் போலகத்தில் சனிக்கிழமை காலையில் வயலுக்குப் போகும் பெண்கள் டீக்கடை ஓரம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். டீ குடிப்பதற்கு அல்ல. முதல் நாள் காரைக்காலில் வெளியான படத்தைப் பார்த்துவிட்டு வந்து உத்திராபதி மாமா அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

"எத்தன துப்புண்ணே?" என்று ராஜம் கேட்பாள்.

மாமா படம் பார்க்கும்போது வாயில் வெற்றிலையும் புகையிலையும் இருக்கும். படம் பிடித்துவிட்டால் எழுந்திருக்க மாட்டார். பிடிக்காவிட்டால் வெளியே போய்த் துப்பிவிட்டு வருவார். ஒரு துப்பு என்றால் பார்க்கலாம். மூன்று என்றால் அரை நாள் வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. ஆறு துப்பு வாங்கிய படமும் உண்டு. "கதாநாயகி செத்தப்ப கொட்டாயே அழுவுது. நான் மட்டும் வெளிய நிக்கிறேன். முழுசா பதினஞ்சு நிமிஷம் பாட்டுப் பாடிட்டுச் சாவுறாளே, எந்த ஊருல நடக்கும்?" என்றார்.

"நீ செத்தாலும் பேசிக்கிட்டேதாண்ணே போவே."

"பின்ன? தூக்குறவனுக்கு அலுப்புத் தெரியாம இருக்கணும்ல?"

அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. அவரிடம் இருந்தது பேச்சு ஒன்றுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஆர்மான் ஐயா வீட்டுக்கு டி.வி. வந்து, உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி இலங்கை நிகழ்ச்சிகள் தெரிய ஆரம்பித்தபோது தெருவே ஜன்னலில் தொங்கியது. மாமா ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "ஊறுகாய் ஜாடிக்குள்ள மனுசன அடைச்சு வச்சிருக்கானுவ" என்று திரும்பிவிட்டார். கிரிக்கெட்டைப் பற்றி: "அஞ்சு நாள் ஆடி ஒருத்தனும் ஜெயிக்கலங்குறான். அதுக்கு மாடு மேய்க்கலாம்." அவருக்கு உசத்தி மாரியம்மன் கோயில் திருவிழா நாடகம்தான். "தப்பா நடிச்சான்னா, கத்துனா அவங் காதுல விழும். சினிமாக்காரனுக்கு எங்கே விழுவுது? அதான் ஊருக்காவது சொல்றேன்."

எங்கள் தெருவில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். காரைக்கால் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் ஒரு படத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

எண்பத்தைந்து பொங்கலுக்கு வந்த படத்துக்கு மாமா, "துப்பே இல்ல" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அறுப்பை விட்டுவிட்டுப் பதினோரு பெண்கள் டவுன் பஸ் ஏறிப் போனார்கள். சாயங்காலம் திரும்பி வந்த ராஜம் நேராக மாமா வீட்டு வாசலுக்குப் போனாள்.

"என்னண்ணே, குப்பைய காட்டி அனுப்பிட்டே? அந்தப் படக்காரன் உனக்கு மாமனா மச்சானா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி அஞ்சுகம் அத்தைதான் சொன்னாள்: "வெத்தல போட்டே மூணு வாரமாச்சு ராஜம். நாக்குக்கு அடியில புண்ணு. காரம் பட்டா துடிக்கிறாரு."

அன்றைக்கு அவர் துப்பாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

மாசி மாதம் மாமாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். டாக்டர் வடக்கத்திக்காரர், சின்ன வயது. தமிழ் வராது. என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். புற்று. நாக்கில் பெரும்பகுதியை எடுக்க வேண்டும். எடுத்தால் ஒன்றிரண்டு வருஷம் இருப்பார், ஆனால் பேச முடியாது. எடுக்காவிட்டால் ஆறு மாதம்.

வராந்தாவுக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேச்சு போயிரும்னா ஒத்துக்க மாட்டாரு தம்பி. எனக்கு அவரு இருந்தா போதும். சொல்லாத."

உள்ளே மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் டாக்டர் நின்றார்.

"என்ன மாப்ள சொல்றாரு? பேச்சு வருமா? அத மொதல்ல கேளு."

நான் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டேன். எத்தனை நாள் படுக்கையில் இருக்க வேண்டும் என்று கேட்டதாக நினைவு. டாக்டர் பதில் சொன்னார். நான் மாமா பக்கம் திரும்பி, "வருமாம் மாமா. கொஞ்ச நாளாவுமாம்" என்றேன்.

"நீ கேட்டா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தார். அவர் பேசி நான் கேட்ட கடைசி முழு வாக்கியம் அது.

ஆபரேஷன் முடிந்து ஊருக்கு வந்த பிறகு ஆர்மான் ஐயா ஆள் அனுப்பினார், டி.வி.யில் படம் போடுகிறார்கள், வந்து நாற்காலியிலேயே உட்காரட்டும் என்று. மாமா போகவில்லை. காரைக்கால் பக்கமும் போகவில்லை. கஞ்சித் தண்ணியை அத்தை கரண்டியால் ஊற்றுவாள். பாதி வெளியே வரும். நான் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒரு நாள் சிலேட்டு வாங்கிப் போனேன், நாலு எழுத்து சொல்லித் தரலாம் என்று. அதை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தார்.

தீபாவளிக்கு அடுத்த நாள் ராஜமும் நாலைந்து பெண்களும் அவர் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தம்பி, தீபாவளிப் படத்த நீ பாத்தியாமே. எப்புடி? போவலாமா?"

"நல்லா இருக்கு. போய்ட்டு வாங்க" என்றேன்.

உள்ளேயிருந்து மாமா எழுந்து வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். சத்தம் வந்தது, நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவர் படத்தைப் பார்த்திருக்கவே இல்லை. என்ன சொல்ல வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. பெண்கள் தரையைப் பார்த்தார்கள். சத்தம் நின்றதும் ராஜம், "சரிண்ணே, சரிண்ணே" என்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்கள். என் பேச்சைக் கேட்டுத்தான் போனார்கள்.

அடுத்த ஆடியில் இறந்தார். காரியம் முடிந்த அன்று நான் அத்தையிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லப் போனேன்.

"பதினாறு மாசம் இருந்தாருல்ல" என்றாள். "எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. அவருக்கு வேணுமான்னு நீயும் கேக்கல, நானும் கேக்கல."

பிறகு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.