உண்ணிக்குப் போட்ட மொட்டை

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அந்த உண்ணிகள் என்னுடையவை அல்ல.

நகரியில் விசைத்தறி ஓட்டம் குறைந்துபோய், திருப்பதியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கீழ்ப் போர்ஷனில் நாங்கள்; மாடியில் வீட்டுக்காரர். அவருடைய மகன் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா கிளம்பியபோது, தன் வெள்ளைச் சடைநாயை அப்பாவிடம் விட்டுப் போயிருந்தான். பகலெல்லாம் அது எங்கள் வாசலை ஒட்டிய மாடிப்படிக்கு அடியில்தான் படுத்திருக்கும்.

ஒரு நாள் காலை எங்கள் சுவரில் ஆமணக்கு விதை ஒன்று நடந்து போனது. எண்ணிப் பார்த்தேன், எட்டுக் கால். அடுத்த நொடி நான் கட்டில்மேல் நின்று கத்திக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

"ஏமய்யா, வாராவாரம் ஊருக்குப் போறீங்க. அங்க மாடு கன்னு இருக்கும், உங்க மூட்டையோட இந்த உண்ணி வந்திருக்கும். என் வீட்ல இதெல்லாம் எப்பவும் கிடையாது. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க."

ஊரில் நாங்கள் வைத்திருந்தது தறி. தறிக்கு உண்ணி பிடிக்காது. இதைச் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து என் காதுக்குப் பின்னால் ஏதோ தட்டுப்பட்டது. தறியை மறந்து மனைவியைக் கூவினேன்.

சேலையில் நூல் முடிச்சைப் பிடுங்கும் சாமணத்தோடு மனைவி ஓடி வந்தாள். "மண்ணெண்ணெய் ஊத்து, தீக்குச்சியால சுடு" என்று நான் அலறினேன்.

"இன்னாய்யா, தலையையே கொளுத்திக்கப் போறியா? ஆடாம உக்காரு. உண்ணின்னா தோலோட ஒட்டிப் புடிச்சு நேரா இழுக்கணும்." உற்றுப் பார்த்தவள் சாமணத்தைக் கீழே வைத்தாள். "இது மருவுய்யா. கல்யாணத்தப்பவே இருந்துது."

நான் நம்பவில்லை. மருவைப் போல நடிக்கிற உண்ணியாக இருந்தால்? முடிக்குள் இன்னும் எத்தனை ஒளிந்திருக்குமோ! கிடைத்த பஸ்ஸைப் பிடித்துத் திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். கேட்டவர்களிடம் வேண்டுதல் என்றேன்.

திரும்பி வந்தபோது மனைவி படிக்கு அடியில் உட்கார்ந்து நாயின் சடையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் என்று எல்லா இடத்திலும் உண்ணி. சாமணத்தால் பிடுங்கி, ஸ்பிரிட் ஊற்றிய பாட்டிலில் போட்டாள். படியோரச் சுவர் விரிசலிலும் பொடிப்பொடியாக ஊர்ந்தன. பாட்டிலோடு மாடி ஏறினாள். நான் பின்னால், மூன்று படி தள்ளி.

"அண்ணா, இதுங்க எங்க மூட்டையில வர்ல. உங்க நாய் காதுல குடித்தனம் பண்ணிக்கினு கீது. டாக்டராண்ட காட்டி மருந்து போடுங்க. விரிசலைப் பூசுங்க. இல்லாட்டி நாங்க காலி பண்ணாலும் இது காலி பண்ணாது."

அவர் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாளே நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். விரிசலுக்கு சிமெண்ட் பூசினார். பின்கட்டில் கிடந்த பழைய சாக்கையும் புதரையும் அகற்றினார். சில வாரங்களில் சுவர் சுத்தமாயிற்று. காலி பண்ணும் பேச்சையே அவர் மறுபடி எடுக்கவில்லை. வீடு தப்பித்தது.

நான்தான் தப்பவில்லை. தெருவெல்லாம் அவர் சொன்ன கதை வேறு: "கீழ்வீட்டுக்காரர் மொட்டை போட்டார், உண்ணி போயிடுச்சு. எல்லாம் ஸ்வாமி தயவு!"

அப்படியானால் உண்ணி இருந்தது யார் தலையில்? அடுத்த வீட்டம்மாள் என்னைக் கண்டதும் தன் நாற்காலியை உள்ளே எடுத்துப் போனாள். மறுக்கப் போனால், பிறகு எதற்கு மொட்டை என்று கேட்பார்கள். மருவுக்கு என்று சொல்லவா?

குற்றவாளியோ மாடியில், முழுச் சடையோடு, என்னைப் பார்த்துக் குரைத்தது. மொட்டைத் தலையோடு என்னை அதற்கு அடையாளம் தெரியவில்லையாம்.