நிலைப்படி ஆணி

கோலா சிலாங்கூரில் சைஃபுதீனின் சாப்பாட்டுக் கடையில் சனிக்கிழமை மாலை பேய்ப்படம் போட்டால், முன்வரிசையில் ஒரு நாற்காலியை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அது இருசப்பனுக்கு. செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். பாதிக் கூட்டம் வருவது படத்துக்கல்ல, அவர் பேச்சுக்கு.

“ஏன் பாய், இந்தப் பேய்க்கு எதுக்கு இவ்ளோ மேளதாளம்? கல்யாணத்துக்கா வருது?”

“கொஞ்சமாச்சும் பயப்படுங்கண்ணே” என்பார் கல்லாவிலிருந்து சைஃபுதீன். “உங்களால ஒரு பய பயப்பட மாட்றான்.”

“இதுக்கா? மூஞ்சில கோலமாவப் பூசிக்கிட்டு நிக்குது. இப்பப் பாருங்க, அழுதுகிட்டே முன்கத சொல்லும். யாரு கொன்னான், எந்த நெலத்துக்காகக் கொன்னான்னு அரை மணி நேரம். வாயத் தொறந்து ஞாயம் பேசுனா அது பேயில்ல லா, யூனியன் லீடரு.”

கடையே சிரித்துக் குலுங்கும். இருசப்பன் மட்டும் சிரிக்கமாட்டார். செத்தவள் வீட்டுக்குத் திரும்பும் காட்சிக்காகக் காத்திருப்பார். எந்த வழியாக வருகிறாள், வாசலில் தயங்குகிறாளா, உள்ளே இருப்பவனை அடையாளம் கண்டுகொள்கிறாளா என்று கண் இமைக்காமல் பார்ப்பார். அந்தக் காட்சி முடிந்ததும் எழுந்துவிடுவார். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் வெளியே அவருடைய மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்கும்.

உண்மையில் பேய்ப்படப் பைத்தியம் அவர் மனைவி பிரேமலாதான். பார்க்காமலும் இருக்கமாட்டாள், கண்ணைத் திறந்தும் பார்க்கமாட்டாள். வீட்டு டிவியில் கதவு கிறீச்சிட்டால் போதும், அவர் தோளுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

“போயிருச்சா?”

“இன்னும் இல்ல.”

“இப்ப?”

படம் முடிந்ததும் தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு உலை வைக்கப் போய்விடுவாள். அவளுடைய பயம் படத்தோடு முடிந்துவிடும். இருசப்பனுடையது அங்கேதான் தொடங்கும். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னாலிருந்த கழிவறைக்கு அவள் துணையில்லாமல் போகமாட்டார். “ஆம்பளையாம், மீச வேற” என்று டார்ச்சை அடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள்.

சில வருஷங்களுக்கு முன் செகிஞ்சானுக்கு மீன் வாங்க மோட்டாரில் போனவளை ஒரு லோரி அடித்துப் போட்டது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தை இருசப்பனுக்குள் வேலை செய்தது. கொஞ்ச நாளுக்கு முன்புதான் ஒரு படத்தில், சாலையில் அடிபட்டுச் செத்த பெண் கழுத்து திரும்பிய கோலத்தில் வீட்டுக்கு வருவதை இருவரும் பார்த்திருந்தார்கள்.

எரித்துவிட்டு வந்து, வீட்டுக்குள் காலெடுத்து வைக்குமுன் அண்ணன் சோமு ஆணியும் சுத்தியலுமாக வாசலில் உட்கார்ந்தார்.

“கெட்ட சாவுடா தம்பி. நெலப்படியில அடிச்சிடணும். இல்லாட்டி வீடு வீடுன்னு திரும்பி வந்துருவா.”

அண்ணன் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கி அடித்தவர் இருசப்பன். திரும்பிய அந்தக் கழுத்தை நினைத்து நினைத்து அடித்தார். தலை மட்டும் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்க, ஆணி மரத்துக்குள் இறங்கியது.

பிரேமலா வரவில்லை. முதலில் அது நிம்மதியாக இருந்தது. பிறகு வீடு அமைதியாக இருப்பது காதில் விழத் தொடங்கியது. உலை கொதித்து அடங்கினால், அதன் பிறகு வீட்டில் வேறு சத்தமே இல்லை. கழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் சரி, வந்து நின்றால் போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு. ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு நிலைப்படி முன் குந்துவார். அதன் வாயால் ஆணியின் தலையைக் கவ்வுவார். அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஆணி இருக்கும்வரை அவள் வராததற்கு ஆணிதான் காரணம். பிடுங்கிய பிறகும் வராவிட்டால்?

லயத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிக்குப் போய்விட்டன. இருசப்பன் மட்டும் போகவில்லை. அப்படி இருந்தபோதுதான், கலும்பாங்கிலிருந்து பவனேஷ் என்கிற பையன் கேமராவும் நண்பர்களுமாகச் சின்னதாக ஒரு பேய்ப்படம் எடுக்க வந்தான்.

“அங்கிள், பேய்ப்படத்துல நீங்கதான் எக்ஸ்பர்ட்டுன்னு பாய் சொன்னாரு. உங்க வீட்ல ஒரே ஒரு சீன் லா.”

“என்னா சீனு?”

“செத்துப்போன ஒய்ஃப் வீட்டுக்குத் திரும்பி வர்றது.”

இருசப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “எடுங்க” என்றார்.

நடுப்பகலில் எடுத்தார்கள். சன்னல்களையும் வாசலையும் கறுப்புத் துணியால் மூடி இரவாக்கினார்கள். பேயாக நடித்த துளசி, வெள்ளைச் சேலையில், பாக்கெட் சோயாத் தண்ணியை உறிஞ்சிக்கொண்டு கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் தலையை விரித்துப்போட்டு, வாசல் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். சேலை ஆணியில் மாட்டி டர்ரென்று கிழிந்தது.

“ஐயோ! யாரு இங்க ஆணி அடிச்சு வச்சது? இது என் அத்தையோட சேலடா!”

“பேய் கத்தாத” என்றான் பவனேஷ். பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்தான். “அங்கிள், புடுங்கிரட்டா? முடிஞ்சதும் திருப்பி அடிச்சித் தந்துர்றேன்.”

இருசப்பன் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே ஒதுங்கி வழி விட்டார். சுத்தியலின் பிளந்த பக்கத்தைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினான். அவ்வளவுதான். துருவேறிய ஆணியை அவர் உள்ளங்கையில் வைத்தான். இத்தனை சின்னதா என்று இருந்தது அவருக்கு.

மாலையில் பவனேஷ் மறக்காமல் கேட்டான். “அடிச்சிரவா அங்கிள்?”

“வேணாம் தம்பி.”

அன்றிலிருந்து கதவைத் திறந்து போட்டுப் படுத்தார். கொசு வந்தது. சாரல் வந்தது. யாருமற்ற லயத்தில் சுற்றிக்கொண்டிருந்த நாய் ஒன்று வந்து, அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. வேறு எதுவும் வரவில்லை. சைஃபுதீன் கடைப் பக்கமும் அவர் போவதை நிறுத்திவிட்டார்.

பவனேஷின் படத்தை அந்தக் கடையிலேயே போட்டபோது, சைஃபுதீனே மோட்டாரில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனார். பழைய நாற்காலி. பக்கத்தில் சைஃபுதீன். திரையில் துளசி பல்லைக் காட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

“ஏய், பேய்க்கு லிப்ஸ்டிக் பல்லெல்லாம் அப்பிருச்சு லா!”

கடை சிரித்தது. இருசப்பன் என்ன சொல்வார் என்று ஆளுக்கு ஆள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண் திரையிலேயே இருந்தது.

கடைசியில், கறுப்புத் துணியைக் கழற்றிய பிறகு எடுத்த ஒரு காட்சியைப் பவனேஷ் சேர்த்திருந்தான். உள்ளிருந்து பார்த்தால் தெரிகிற திறந்த வாசல். நிலைப்படியில் ஆணி இருந்த ஓட்டை. வெளியே வெயில், அதற்கப்பால் செம்பனை வரிசை. இசை இல்லை. யாரும் வரவில்லை. காட்சி முடியவும் இல்லை.

“என்னாச்சு, படம் நின்னுபோச்சா?”

“பேய் எங்கடா?”

“ஓட்டி விடுங்க பாய்!”

சைஃபுதீன் ரிமோட்டைத் தேடி எழப் போனார். எழ முடியவில்லை. இருசப்பன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, தோளுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்திருந்தார். சட்டையில் மசாலா வாடை.

“வந்துருச்சா?”

“என்னண்ணே?”

“வந்துருச்சா பாய்?”

சைஃபுதீன் திரையைப் பார்த்தார்.

“இல்லண்ணே. வெறும் வாசல்தான்.”

“இப்ப?”