கோசோங் வரைந்த கோழி

எந்தினுக்குக் கோபம் வந்தால் ஜெராக்ஸ் மெஷினின் மூடிதான் அடி வாங்கும். இந்தோனேசியாவின் பாண்டுங்கில், கல்லூரிச் சாலையில், முப்பது வருஷமாக நகலெடுத்துக் கொடுப்பவள். அன்று காலை மூடி மூன்று தடவை அடி வாங்கியது.

எதிரே நின்ற ரெங்கானிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. தொண்ணூறுகளில் இந்த ஊர்ப் பையன்கள் தாங்களே எழுதி, ஒட்டி, ஜெராக்ஸ் போட்டு, பாட்டுக் கச்சேரி வாசலில் கைமாற்றிக்கொண்ட பத்திரிகைகளைத் தேடிச் சேர்க்கும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. கறையான் தின்றது போக மிஞ்சியதை ஒரு புத்தகமாகப் போடப் போகிறார்கள். அதன் மாதிரிப் படியை நகலெடுக்கத்தான் வந்திருந்தாள்.

"மெஷின் மக்கர் பண்ணுதாக்கா?"

"மெஷினுக்கு என்ன கேடு? இந்தக் கோழிப் படத்துக்கு அடியில யார் பேரைப் போட்டிருக்கீங்க?"

"அதுவா? கோசோங்னு ஒருத்தர் வரைஞ்சது. யாருன்னே தெரியாம இருந்துச்சு. இப்பத்தான் அந்தப் பத்திரிகை ஆசிரியர் சொன்னாரு, நந்தாங்னு ஒருத்தராம். பாவம், சின்ன வயசுலயே போயிட்டாரு."

மூடி நான்காவது அடியையும் வாங்கியது. ஏனென்றால் அந்தக் கோழியை வரைந்தவள் எந்தின்.

அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது. இதே சாலையில் இன்னொருவர் கடையில் வேலை. 'சீரெங்' என்று ஒரு பத்திரிகை நகலுக்கு வரும். எண்ணெயில் பொரிக்கிற மாவுப் பண்டத்தின் பேரைப் பத்திரிகைக்கு வைத்த புத்திசாலிகள்! டிரம்ஸ் அடிக்கிற யாயாட் அதற்கு ஆசிரியர். தாள்களை ஒட்டிக் கடைக்குத் தூக்கி வருகிறவன் அவன் சிநேகிதன் நந்தாங்.

மடித்துப் பின் அடிக்கிற பத்திரிகைக்குப் பக்கங்கள் நாலு நாலாகத்தான் வரவேண்டும். பதினாறு வேண்டிய இடத்தில் பையன்கள் பதினைந்துதான் தேற்றியிருந்தார்கள். கடைசித் தாளின் மூலையில் 'கோசோங்' என்று நந்தாங் பேனாவால் கிறுக்கியிருந்தான். காலி என்று அர்த்தம். இந்தப் பக்கத்தை வெறுமனே விட்டுவிடு என்று கடைக்காரிக்குச் சொல்லும் குறிப்பு, அவ்வளவுதான்.

எந்தினுக்கு வெறும் தாளைக் கண்டாலே ஆகாது. மெஷின் சூடேறி அரைமணி நேரம் படுத்துக்கொண்டபோது அந்தப் பக்கத்தில் ஒரு ஷேர் வேனை வரைந்தாள். வலப்பக்கம் ஏழு பேர், இடப்பக்கம் ஐந்து பேர், நடுவில் நசுங்கிக்கொண்டு ஒரு கோழி. 'இன்னும் ஒரு ஆள் தாராளமா உட்காரலாம்' என்கிறான் டிரைவர். மூலையில் இருந்த சொல்லை மறைக்க மறந்துவிட்டாள். படித்தவர்கள் அதையே ஓவியரின் பேர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தாளை வாங்கிப் புரட்டிய நந்தாங் கோழியில் வந்து நின்றான். பிறகு அவளைப் பார்த்தான்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. வாடிக்கைக்காரங்க தாள்ல கை வெச்சேன்னு தெரிஞ்சா முதலாளி சீட்டைக் கிழிச்சிடுவாரு," என்றாள் எந்தின்.

அவன் தலையாட்டினான். அடுத்த இதழும் பதினைந்து பக்கம்தான் வந்தது. அதற்கடுத்ததும் அப்படியே, மூலையில் அதே சொல்லோடு.

"காலேஜ் வரைக்கும் போயும் உனக்குப் பதினாறு எண்ண வரலையே, நீயெல்லாம் எதுக்குப்பா பத்திரிகை நடத்துறே?" என்று கேட்டால் சிரிப்பான்.

இரண்டு வருஷத்தில் பதினோரு இதழ்கள், பதினோரு கோழிகள். கோழிப் படம் போட்ட பனியன்கூட வந்தது. அப்புறம் ஒரு மழைநாளில் மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி நந்தாங் போய்விட்டான். பத்திரிகையும் அவனோடு போனது. எந்தினுக்குக் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பிறகு இந்தச் சொந்தக் கடை. அதன்பின் அவள் எதையும் வரையவில்லை.

செத்தவனிடமிருந்து பிடுங்குவது பாவம் என்று ஒரு மனசு சொன்னது. ஆயுசில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இன்னொருத்தன் பேரில் அச்சாகிறதே என்று இன்னொரு மனசு கொதித்தது. கொதித்த மனசுதான் வாயைத் திறந்தது.

"அது நான் வரைஞ்சது."

ரெங்கானிஸ் உடனே யாயாட்டுக்குப் போன் போட்டாள். அரைமணியில் அவன் வந்து நின்றான். இப்போது மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். தலை நரைத்துவிட்டது, கையெல்லாம் கிரீஸ்.

"இத்தனை வருஷம் எங்கக்கா போயிருந்தீங்க? நந்தாங்கோட அம்மாகிட்ட, 'உங்க பையன் பேர் புத்தகத்துல வருது'ன்னு நான்தான் போய்ச் சொன்னேன். அந்தம்மா அழுதாங்க. இப்பப் போய் இல்லேன்னு சொல்லவா?"

எந்தின் வீணான தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் கோழியை வரைந்தாள். கழுத்தை நீட்டிக்கொண்டு, எங்கே இறங்குவது என்று தெரியாமல் விழிக்கும் அதே கோழி. யாயாட் அதை வாங்கி, மாதிரிப் படியிலிருந்த கோழியோடு சேர்த்து வைத்துப் பார்த்தான்.

"அப்போ எதுக்குக்கா வரைஞ்சீங்க, எங்க பத்திரிகையில?"

"நீங்கதான் ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் குறைச்சு அனுப்புனீங்களே. எண்ணத் தெரியாத பயலுக."

"நானா?" யாயாட் நிமிர்ந்தான். "முதல் இதழ்ல தப்பு விட்டேன், ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் விரல் விட்டு எண்ணித்தான் குடுத்தேன், பதினாறு. அச்சாகி வந்தா என் பக்கம் ஒண்ணு காணாமப் போயிருக்கும். அந்த இடத்துல கோழி உட்கார்ந்திருக்கும். நந்தாங்தான் தன் படத்துக்காக என் பக்கத்தை உருவுறான்னு நினைச்சு, எத்தனை சண்டை போட்டிருக்கேன் அவன்கிட்ட! திட்டெல்லாம் வாங்கிக்கிட்டான். வாயே திறக்கலக்கா."

எந்தின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் கவனிக்காத சந்தில் தானாக நுழைந்துகொண்டதாகத்தான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அங்கே ஒருத்தன் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறான், பத்துத் தடவை, திட்டு வாங்கிக்கொண்டு. அவள் அழுதாள். வாடிக்கைக்காரர்கள் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"இப்ப என்னன்னுக்கா போடறது?" என்று ரெங்கானிஸ் மெல்லக் கேட்டாள்.

எந்தின் மாதிரிப் படியை இழுத்து, கோழிக்கு அடியில் இருந்த வரியை அடித்துவிட்டு எழுதினாள்: 'படம்: எந்தின். இடம்: நந்தாங்.'

யாயாட் இரண்டு தடவை படித்தான்.

"இதை அந்தம்மாகிட்ட என்னால சொல்ல முடியாதுக்கா. நீங்க வந்து சொல்லணும்."

எந்தின் மெஷினை அணைத்தாள்.

"வண்டியை எடு, தம்பி," என்றாள்.