கோப்பி குடிக்கப் போன பரபாஸ்

எங்க வீட்டுக்காரர் தேவதாஸுக்கு, எங்க ஊரு காஜா பேராங்ல நாங்க போடுற பெரிய வெள்ளி நாடகத்துல வருஷா வருஷம் ஒரே வேஷம்தான், சிலுவைக்குப் போக வேண்டிய கொலைகாரன் பரபாஸ். அந்த மீசைக்கு வேற எதைக் கொடுப்பாங்க? சங்கிலியோட வந்து நிக்கணும். "பரபாஸை விடு, சேசுவைச் சிலுவையில அறை"ன்னு ஜனங்க கத்துவாங்க. தீர்ப்பு சொல்ற பிலாத்து சங்கிலியை அவுத்ததும் இவர் சிரிச்சிக்கிட்டே ஓடிடணும். ஓடினவர் நேரா மேடைக்குப் பின்னால போய் கோப்பியும் பிஸ்கட்டுமா உக்காந்துடுவார், ஒருசந்தி விரத நாளும் அதுவுமா. கேட்டா, "எனக்குத்தான் விடுதலை கெடைச்சிடுச்சே பொன்னம்மா"ம்பார். இந்த மனுஷனோட யார் வாதாடறது.

மத்த நாளெல்லாம் பஸ் கண்டக்டர். வாய் ஓயாது. மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போற வருஷம், தவக்காலத்துல, புக்கிட் பாருவுல ஒரு சீனத்து அம்மா வாத்துக்கூடையோட இறங்குறாங்க. இவர் யார்கிட்டயோ கதை அடிச்சிக்கிட்டே, அவங்க இறங்கி முடியுறதுக்குள்ள போகலாம்னு மணியை அடிச்சிட்டார். பஸ் நகர்ந்து, கூடை கவுந்து, வாத்தெல்லாம் ரோட்ல. அந்த அம்மா டிப்போவுக்கே வந்து சத்தம் போட்டுட்டாங்க.

இவர் பேர் அங்க ஏற்கெனவே கெட்டுக் கிடந்தது. இன்னொரு தப்புன்னா வேலை போச்சு, வீட்லயோ புள்ளைங்க வரிசையா. டிரைவர் சவரிமுத்து அதை நெனச்சிருக்கார். டிப்போவைப் பார்த்துக்கிற கிராணி இராமலிங்கம் விசாரிச்சப்ப, "மணி அடிக்கலீங்க, நாந்தான் அவசரப்பட்டு எடுத்துட்டேன்"னுட்டார். ஸ்டியரிங்கைப் புடுங்கி, வாளியும் துணியும் கொடுத்து, அவரை பஸ் கழுவ விட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கல. ஆனா வாயைத் தொறந்து உண்மையைச் சொன்னாரா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மீசையைச் செரைச்சிருப்பேன்.

சேசுநாதர் வேஷம் சவரிமுத்துவுக்கு. பெரிய வெள்ளி வந்துச்சு. பிலாத்து சங்கிலியை அவுத்துட்டார். இவர் ஓடல. முள்முடியோட நிக்கிற சவரிமுத்துவையே பார்க்கிறார். திரைக்குப் பின்னால பங்குச் சாமியார் போ போன்னு கையை ஆட்டுறார். கிராணி சிவன் கோயில் ஆளு, நாடகம் பார்க்க வந்து முன்வரிசையில இருந்தார். இவர் அவரைப் பார்த்து, "ஐயா, மணி அடிச்சது நான்தாங்க. இவரை விட்டுடுங்க"ன்னார்.

ஜெருசலேம்ல ஏது பஸ் மணி? சனம் விழுந்து விழுந்து சிரிச்சது. கிராணி மட்டும் சிரிக்கல. சவரிமுத்து கட்டுன கையோட இவர் பக்கம் குனிஞ்சு, "போ தேவா. நீ போனாத்தான் நான் சாக முடியும்"னார்.

இவர் இறங்கி வந்தார். கோப்பி பக்கம் போகல. சங்கிலித் தழும்போட என் பக்கத்துல தரையில உக்காந்து கடைசி வரைக்கும் பார்த்தார்.

திங்கக்கிழமை சவரிமுத்துவுக்கு ஸ்டியரிங் திரும்பக் கெடைச்சது. ஊரே பார்க்க ஒத்துக்கிட்டவனை எப்படி அனுப்புறதுன்னு கிராணி இவர் வேலையை விட்டுவச்சு, வாளியை இவர் கைக்கு மாத்திட்டார். சாயங்காலம் விரலெல்லாம் ஊறிப்போய் வந்தவருக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தேன். குடிக்காம கையிலேயே வச்சிருந்தார்.

"அவர் சிலுவையில தொங்கினதை இப்பதான் பார்த்தேன் பொன்னம்மா"ன்னார். "என் எடத்துலதானே தொங்கினார். நான் இத்தனை வருஷமும் பின்னால உக்காந்து கோப்பி குடிச்சிக்கிட்டிருந்தேன்."