பெட்டியில் வந்த கொசு

போன வாரம் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டிங்கிக் காய்ச்சல். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது!

விசாரித்தவர் அக்காவின் தங்கச்சி சரசு. ஜாசினிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். குற்றவாளி? அக்காவின் மருமகள் மலர். திருச்சிப் பெண். கல்யாணம் முடிந்து போன மாதம்தான் விமானம் ஏறி எங்கள் குடியிருப்பான பத்து பெரண்டாம் தாமானுக்கு வந்தாள்.

"இப்பல்லாம் புதுசு புதுசா கொசு பிளேன்லதான் வருது லா. வாட்ஸ்அப்ல பார்த்தேன். இவ வந்தா... பின்னாலேயே காய்ச்சலும் வந்திருச்சு. இவ பெட்டியிலதான் வந்திருக்கும்!"

கொசுவிடம் பாஸ்போர்ட் கேட்காத குறைதான். மலர் அங்கேயேதான் நின்றாள். அவள் புருஷன் கோபி மருந்து வாங்கப் போயிருந்தான். இந்த ஆண்கள் நேரம் பார்த்துத்தான் போவார்கள்!

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால், கட்டில்மேல் அந்தப் பெட்டி திறந்து கிடக்கிறது. துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"நான் ஊருக்கே போயிடறேன் ஆன்ட்டி. அத்தைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா, காலம் பூரா நான்தான் கொன்னேன்னு சொல்வாங்க. அவர் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

ஒரு மாதக் குடித்தனம். அதை ஒரு கொசு கலைப்பதா? "ஒரு நாள் பொறு" என்று சொல்லிவிட்டு யாழினிக்கு போன் போட்டேன்.

யாழினி என் மகள். கோலாலம்பூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. விமான நிலையத்தில் பொறி வைத்துக் கொசு பிடிப்பாள். அதன் மரபணுவைப் பார்த்து, எந்த நாட்டிலிருந்து வந்தது என்று தேடுவாள். அவளைப் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும்.

மறுநாள் வந்து இறங்கினாள்.

"கொசு பிளேன்ல வருமா வராதா? அதைச் சொல்லு முதல்ல."

"வரும்மா. பெட்டியிலகூட வரலாம். அதைத் தேடத்தானே எனக்குச் சம்பளம்? ஆனா எந்த நாட்டுக் கொசுன்னு கேக்குறதுக்கு முன்னாடி, எந்தத் தண்ணியில பொறந்துச்சுன்னு பார்க்கணும்."

டார்ச்சை எடுத்தாள். பூச்சட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால், பாத்ரூம் வாளி... ஒன்றும் இல்லை. மலர் வீட்டை அப்படித் துடைத்து வைத்திருந்தாள். கடைசியில் வாசலுக்கு வந்தோம். அங்கே பித்தளை உருளி. தண்ணீரில் செவ்வந்தி மிதக்கிறது. யாழினி பூவை விலக்கினாள்.

அடியில் நெளிகிறது, கொசுப்புழுக் கூட்டம்!

மலருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் வந்த அன்னிக்கு அத்தை வச்சது ஆன்ட்டி. மகாலட்சுமி காலெடுத்து வச்ச தண்ணி, ஒரு மண்டலத்துக்குக் கொட்டக் கூடாதுன்னாங்க. தினம் பூ மட்டும் மாத்துவாங்க. தண்ணி குறைஞ்சா ஊத்துவாங்க."

அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. மலர் வருவதற்கு முன்பே பின் லோரோங் சந்தில் டிங்கி வந்து, புகையடித்துவிட்டுப் போனார்களே! அந்தக் காய்ச்சல் இங்கே வந்து சேர திருச்சி வரைக்கும் போய்த்தான் திரும்ப வேண்டுமா?

யாழினி புழுக்களைப் போத்தலில் பிடித்துக்கொண்டு, மிச்சத் தண்ணீரை வெயிலில் காய்ந்த சிமெண்ட்டில் கொட்டினாள். "இது இங்கேயே பொறந்ததும்மா. இதோட பாட்டன் பூட்டன் எங்கேருந்து வந்தான்னு கேட்டாத்தான் ஆராய்ச்சி பண்ணணும்."

சரிதான். நம் பாட்டன் பூட்டன் மட்டும் இந்த நாட்டுக்கு எப்படி வந்தார்களாம்? கப்பலில்தானே! பிறந்த மண்ணிலேயே நின்றுகொண்டு, எங்கிருந்து வந்தாய் என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்கிற நாமே இன்னொருத்தியிடம் அதைக் கேட்கலாமா?

மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, இதை அத்தைகிட்ட சொல்லிடாதீங்க. என்னை ஆசையா வரவேற்க வச்சது. அதாலதான் காய்ச்சல்னு தெரிஞ்சா மனசு உடைஞ்சுபோவாங்க. பெட்டியில வந்ததாவே இருக்கட்டும்."

நேற்று ஊருக்குக் கிளம்பியவள் பேசுகிற பேச்சா இது? எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலையை ஆட்டிவைத்தேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளிடம் போய் ரகசியம் சொல்கிறாளே, பாவம்!

இரண்டு மூன்று நாளில் பிளேட்லெட் ஏறிவிட்டது. அக்கா எழுந்து உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் நிம்மதி. சரசுவுக்கு மட்டும் கேஸ் முடியவில்லை. "என்ன இருந்தாலும் அந்தப் பெட்டியை வெளியில வச்சு..." என்று ஆரம்பித்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. உருளி, புழு, எதையும் சொல்லாதீங்க என்று மலர் கெஞ்சியது... அத்தனையையும் கொட்டிவிட்டேன்.

மலர் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். மருமகளின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏண்டி சரசு, தண்ணி ஊத்தி, பூ போட்டு, என் வாசல்ல நானே வளர்த்த கொசு. அது என்னைக் கடிச்சா உனக்கென்னடி? இனி என் மருமகளை ஒரு வார்த்தை சொன்னே... ஜாசினுக்கு இப்பவே பஸ் இருக்கு லா!"

சரசு பிளந்த வாயை மூடவே இல்லை. கொசு என்ன... ஒரு விமானமே உள்ளே இறங்கியிருக்கலாம்!