சீதனமாக வந்த கன்னிக்குட்டி

எங்கள் கற்பகம் மதினி எட்டயபுரம் பக்கமிருந்து இடைசெவலுக்கு வாழ வந்தபோது, கூடவே ஒரு கன்னி நாய்க்குட்டியும் வந்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷம், தை மாதக் கல்யாணம். பெண்ணுக்குச் சீதனமாகக் கன்னி நாய் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முயல் வேட்டைக்குப் பேர்போன இனம். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு செம்பொட்டு. மதினி அதற்குச் சிட்டு என்று பெயர் வைத்திருந்தாள்.

மதினி கூச்சக்காரி. எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அடுக்களை மூலையில் உட்கார்ந்து, சட்டியில் மிஞ்சியதை வழித்துத் தின்பாள். அண்ணனுக்கு மணியாச்சியில் ரயில்வே வேலை. வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவான். மற்ற நாளெல்லாம் அவளுக்கு இந்த வீட்டில் பேச்சுத்துணை சிட்டுதான்.

எங்கள் அப்பா மாயகிருஷ்ணன் இரண்டு விஷயத்தில் விடாப்பிடிக்காரர். ஒன்று சுத்தம், யாராவது தொட்டுக் கொடுத்த தம்ளரைக்கூட ஒருமுறை அலசித்தான் தண்ணீர் குடிப்பார். இன்னொன்று கன்னி நாய்.

"ஒருநேரம் கூழு ஊத்துனா போதும். இடுப்பு பெருத்த நாயி முயலுக்குப் பின்னால ஓடுமா?" என்பார்.

அதனால் சிட்டுக்குக் காலையில் மோர் விட்ட கம்பங்கூழ், அதோடு சரி.

ஒருநாள் அப்பா கண்முன்னாலேயே அது முற்றத்தில் வெளிக்கிருந்துவிட்டு, திரும்பி நின்று அதையே தின்றது. தின்ற வாயோடு ஓடிவந்து அவர் கையை நக்கியது. அன்றைக்கு அப்பா கையைக் கழுவிய கழுவலில் சோப்பு பாதியாகிவிட்டது.

என்னென்னவோ செய்து பார்த்தோம். அம்மா பீயின் மேல் மிளகாய்ப்பொடியைத் தூவினாள். குட்டி தும்மித் தும்மித் தின்றது. நான் கத்திக்கொண்டு கம்போடு துரத்தினேன். பிடுங்கிக்கொள்ள வருகிறாள் என்று நினைத்து அது அவசர அவசரமாக விழுங்கியது. மதினி பாவம், அள்ளிப்போடச் சாம்பலும் தகரமுமாகப் பின்னாலேயே அலைந்தாள். ஆனால் பருத்தி எடுக்கப் போய்விட்டால் யார் பார்ப்பது?

கடைசியில் அப்பா மதினியிடம் சொல்லிவிட்டார். "இந்தச் சனியனை எம்மூஞ்சியில முழிக்க விடாத. வர்ற வெள்ளிக்கெழம கொண்டுபோயி உங்க வீட்டுலயே விட்டுட்டு வந்துரு."

மதினி முகம் செத்துப்போனது. கொடுத்த சீதனத்தைத் திருப்பி அனுப்பினால் அவளுடைய அப்பா இந்த வாசலை எப்படி மிதிப்பார்? அன்று அவள் அந்த மிஞ்சிய சோற்றையும் தொடவில்லை.

வியாழக்கிழமை அப்பா பருத்தியை விலைக்குப் போடக் கோவில்பட்டிக்குக் கிளம்பினார். மதினி குட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "மாமா, மாட்டாஸ்பத்திரில ஒருதரம் காட்டிருவோம். அப்பறமும் திருந்தலைன்னா நானே கொண்டுபோயி விட்டுருதேன்."

அப்பாவிடம் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல்தடவை. அப்பா மறுக்கவில்லை. வேடிக்கை பார்க்க நானும் தொற்றிக்கொண்டேன்.

டாக்டர் குட்டியின் விலா எலும்பைத் தடவிப் பார்த்தார். "இதுக்கு என்ன போடுதீங்க?"

"ஒருநேரம் கூழுதான். கன்னி நாயாச்சே, இடுப்பு ஒட்டி நிக்கணும்" என்றார் அப்பா பெருமையாக.

"அண்ணாச்சி, வளர்ந்த நாயிக்கு வைக்கிற கணக்கைப் பால்குடி மறந்த குட்டிக்கு வச்சிருக்கீங்க. வயித்துல வேற பூச்சி. ஊத்துன கூழையும் அந்தப் பூச்சி தின்னுருது. பசி தாங்காம கெடைச்சதைத் திங்குது."

பூச்சி மருந்து கொடுத்தார்கள். நாலு நேரம் சோறும் முட்டையும் வைக்கணும், வெளிக்கிருந்ததும் திட்டாமல் கூப்பிட்டு ஒருவாய் தின்னக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தை உடனே அள்ளிப்போடணும் என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் கூடை அப்பா மடியில் இருந்தது. அது எப்படி அங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு மதினியின் அப்பா வந்தார். அவர் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதா சிட்டு முற்றத்தில் குந்தவேண்டும்? மதினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுந்த குட்டி ஒருமுறை மோந்து பார்த்தது. பிறகு ஒரே ஓட்டமாக எங்கள் அப்பாவிடம் வந்து, வாயைப் பார்த்தபடி உட்கார்ந்தது. அப்பா மடியிலிருந்து அவித்த முட்டைத் துண்டை எடுத்து நீட்டினார். தின்றுவிட்டு அது அவர் கையை நக்கியது. அப்பா கையை இழுக்கவில்லை.

"குட்டி நல்லா தேறிருச்சே, சம்மந்தி" என்றார் மதினியின் அப்பா.

"நாந்தான் பட்டினி போட்டுட்டேன். இப்ப சரியாப்போச்சு."

மதினி சாம்பலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். அப்பா அவளையே பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி அம்மாவுக்குக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி ஜானகி, அந்தப் புள்ளைக்கு இன்னைக்கு எங்களோடயே எல போடு. இனிமே இந்த வீட்டுல அவ சட்டியை வழிக்கப்பிடாது."