தழும்புள்ள சோபாவும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா விருதுநகரில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்து, திருத்தங்கலில் காலண்டர் அச்சகம் நடத்திய அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். அத்தான் இளவயதிலேயே மறைந்த பிறகு, கைக்குழந்தையை மெஷினருகே தொட்டிலில் போட்டுக்கொண்டு அச்சகத்தைத் தாமே நடத்தினார். மெஷின் நின்றால்தான் குழந்தை அழும். அவரது உழைப்பை அறியாதவர் இங்கே யாருமில்லை. ஆகவே நான் அவர் சோபா வாங்கியதை எழுதுகிறேன்.

அந்தப் பெண்குழந்தை வளர்ந்து, அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், லெதர் சோபா வாங்க அக்கா என்னை மதுரைக்கு அழைத்துச் சென்றார். கடையில் பளபளவென்று ஒன்றைக் காட்டி, அசல் லெதர் என்றார்கள். அக்கா அதில் உட்காரவில்லை. அச்சுப் புள்ளி பார்க்கும் லென்ஸைப் பையிலிருந்து எடுத்து, தரையில் மண்டியிட்டு, சோபாவின் நீளத்துக்கும் நகர்ந்தார். பிறகு விற்பனையாளரிடம் சொன்னார்:

"இங்கன இருக்கிற சுருக்கமே ஒரு சாண் தள்ளி அங்கனயும் இருக்கு. எந்த மாட்டுக்குத் தம்பி இப்படி இருக்கும்? இது உருளையில அச்சடிச்சது. எங்க தொழிலும் அதுதான்."

முதலாளியே வந்து விளக்க வேண்டியதாயிற்று. மேல்தோலைச் செதுக்காமல் அப்படியே பதப்படுத்தினால் முதல் தரம். தழும்பு தெரியாமல் தேய்த்து மெருகேற்றினால் அடுத்தது. அடித்தோலின் மேல் பூச்சுப் பூசி வரி அச்சிட்டால் அதற்கும் கீழே. துண்டு துணுக்கை அரைத்துப் பசையோடு துணியில் ஒட்டினால் கடைசி. அது சீக்கிரமே உரியும். கடைசி ரகம் வற்றல் கழிவை அரைத்துத் தூளாக விற்பது போலத்தானே என்று அக்கா கேட்க, அவர் தயங்கி ஒப்புக்கொண்டார்.

முதல் தரம் கடையின் பின்புறம் போர்வைக்குள் கிடந்தது. முள் கீறிய கோடும் உண்ணி கடித்த புள்ளியும் இருந்ததால் யாரும் வாங்கவில்லையாம். அக்கா அதையே வாங்கினார்.

வீட்டில் அதைப் பார்த்து மகள் அழுதேவிட்டாள். பழைய சோபா என்று மாப்பிள்ளை வீட்டார் நினைப்பார்கள், பெட்ஷீட்டாவது விரியுங்கள் என்று கெஞ்சினாள். அக்கா மறுத்துவிட்டார்.

அவள் பயந்தபடியே மாப்பிள்ளையின் தந்தை கீறலைத் தடவிப் பார்த்து, சோபா ரொம்ப நாளாக இருக்கிறதா என்று பக்குவமாக விசாரித்தார். காபித் தட்டோடு வந்த மகள் அப்படியே நின்றாள். அக்கா லென்ஸை அவரிடம் நீட்டினார். பட்டுக்கரை வேட்டியோடு அவரும் மண்டியிட்டார். பெரியவர்கள் இருவரும் சோபாவைச் சுற்றித் தரையில் நகர்வதைப் பார்த்து மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வர, மகளும் சிரித்துவிட்டாள். காபி ஆறிப்போனது.

கடைசியில் அவர் எழுந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "எங்க வீட்டு சோபா உரியுது. நான் எந்திரிச்சா வேட்டியில கருப்புக் கருப்பா ஒட்டிக்கிடுது. எங்க கடைக்குப் போனா எல்லாரும் என் பின்னாடியே பாக்காக. புதுசு வாங்க நீங்களும் வரணும், சம்பந்தியம்மா."

அந்த ஒரு சொல்லில் திருமணம் நிச்சயமானது.

சென்ற ஆண்டு காலண்டர் சீசனில்தான் அக்கா நோயில் படுத்தார். கடைசி நாள் காலை, மெஷின்மேன் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். "லோடு அம்புட்டும் போயிருச்சா?" என்று அக்கா கேட்டார். போயிருச்சுக்கா என்றார் அவர். அக்கா நிம்மதியாகக் கண்மூடினார்.

பாதி லோடு அப்போது அச்சகத்திலேயே இருந்தது. உடனிருந்து பார்த்துக்கொண்ட சம்பந்தி வீட்டாருக்கும், மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், மாலைக்குள் மீதி லோடையும் அனுப்பி அந்தச் சொல்லை மெய்யாக்கிய அச்சகத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.